முதல் ஓவரை யார் போடுவது

எனக்குக் கிரிக்கெட் அவ்வளவாகப் பிடிக்காது, ஐயா. வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் விடிந்தால் அடைந்தால் அதுதான் பேச்சு என்பதால், காதில் விழுந்து விழுந்தே பழகிவிட்டது. நான் வேகமாகச் சொன்னால் நிறுத்தச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் ஜெயந்தினி. பிறந்தது கொஸ்லந்தப் பக்கம். கல்யாணமாகி வந்தது பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துக்கு. என் கணவர் கிரிஷாந்தன், எங்கள் டிவிஷன் மென்பந்து அணியின் முதல் ஓவர்க்காரர். மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான் போடுவார்கள்.

அவரை முதலில் பார்த்ததும் மைதானத்தில்தான். எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு மேட்ச் ஆட வந்திருந்தார்கள். யாரோ அடித்த பந்து பெண்கள் நின்ற பக்கம் உருண்டு வந்தது. நான் எடுத்து வீசினேன். அது பாதி வழியிலேயே விழுந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் நடந்து வந்து அதை எடுத்து, "பரவால்ல, நல்ல லெங்த்" என்றார். அடுத்த பந்தில் விக்கெட் விழுந்தது. ஒரு மாதம் கழித்துப் பெண் கேட்டு வந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். மாமனார் கந்தப்பன், அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பழைய அம்பயர். ஸ்டோரில், தேயிலை அரைக்கிற அந்த ஆலையில், தூசியைச் சுவாசித்தே அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. கடைசி இரண்டு வருடமும் ஜன்னலோரக் கட்டில்தான். சளி கட்டி மூச்சு இழுக்கும்போது பம்ப் கொடுக்க வேண்டும். அதைக் குலுக்கித்தான் கொடுக்க வேண்டும். நாலைந்து தரம் குலுக்கி, வாயில் வைத்து, அமுக்கி, மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அவருக்குக் கை நடுங்கும் என்பதால் எப்போதும் நான்தான் கொடுப்பேன். மகள் இருந்தாலும் இப்படிப் பார்த்திருக்கமாட்டாள் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே சொல்லும். உண்மையாகவே அவர்மேல் எனக்குப் பிரியம். அதை நீங்கள் நம்பவேண்டியது இல்லை, ஆனால் அது உண்மை.

மேட்ச் நெருங்கினால் பேச்செல்லாம் எங்கள் வீட்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில்தான் நடக்கும். மாமா ஜன்னல் வழியாகத் தீர்ப்புச் சொல்வார், மற்றவர்கள் வெளியே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். அணித் தலைவர் சதீஸ்குமார் வருவார். வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றி வரும் ஷுக்ரி நானா, லொறியை ரோட்டில் போட்டுவிட்டு வந்துவிடுவார். எங்கள் அணி ஆடாத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பக்கத்துக் காம்பராப் பெரியாயி அத்தை முழங்கால் வலியோடு தன் அடுப்படியில் உட்கார்ந்தபடியே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தன் கருத்தைச் சொல்வார். லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இந்த வருடம் பைனலுக்கு வந்துவிட்டோம். எதிரணி என் பிறந்த ஊர்ப் பக்கத்து அணி. அந்த மேட்சைப் பார்க்கப் பதுளையிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. கொழும்புக் கம்பனி ஒன்றின் அணிக்கு ஆள் தேடுகிறவர். பிடித்துப்போனால் அணியிலும் இடம், கம்பனியில் வேலையும், தங்க அறையும். என் கணவருக்கு அடுத்த ஆவணி வந்தால் முப்பது. பந்து போடுகிறவனுக்கு முப்பதுக்கு மேல் யாரும் கதவு திறப்பதில்லை. இது கடைசி வாசல் என்று எனக்குத் தெரியும். அவர் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஆளும் இல்லை.

பைனலுக்கு முந்திய வாரம், மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டு இருந்தவர் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி வந்தார். பண்டாரவளைக்குப் போய்க் காட்டினோம். எலும்பு முறியவில்லை, ஆனால் இரண்டு வாரம் ஓடக் கூடாது என்றார்கள்.

அன்று மாலை இஸ்தோப்பில் நடந்த பேச்சைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

"கால் வீங்கினா என்ன, அனுபவம் வீங்கல்லையே. கிரிஷாந்தன் நின்ன எடத்துல இருந்து போட்டாலும் போதும்ணே" என்றார் ஷுக்ரி நானா.

"அனுபவம் இருக்கு, யாரு இல்லைன்னா?" என்றார் மாமா உள்ளிருந்து. "ஒன் லொறிக்கும்தான் அனுபவம் இருக்கு. ஏத்தத்துல இழுக்குதா?"

"பேச்சு பேச்சா இருக்கட்டும், என்ட லொறியத் தொடாதீங்க."

"கால் நல்லா இருந்தாலும் இனி முதல் ஓவர் அஜந்தனுக்குத்தான். அவன் பந்து விழுந்த பொறகு வேகம் எடுக்குது. எம் மகன் பந்து விழுந்த பொறகு ரெஸ்ட் எடுக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அஜந்தன் படியில் உட்கார்ந்திருந்தான். பதுளையில் ஒரு போன் கடையில் வேலை செய்கிற பையன், இருபதுகூட ஆகவில்லை. அந்த வாரம் லீவில் வந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா இருங்க தாத்தா, அண்ணன் இருக்கிறப்ப நானெல்லாம் எப்பிடி" என்றான்.

"பெத்த புள்ளைய இப்பிடிச் சொல்றீங்களே மாமா" என்றார் சதீஸ்குமார்.

"அம்பயருக்குப் புள்ளையும் இல்ல, மச்சானும் இல்லடா."

என் கணவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "அப்பா சொல்றது சரிதான்" என்றுகூடச் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவர் எப்படி நொறுங்கிப்போனார் என்று நான் ஒருத்திதான் பார்த்தேன். மற்ற யாருக்கும் அது தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

மேட்சைத் தள்ளிப்போட முடியாதா என்று நான்தான் கேட்டேன். பெண்பிள்ளை கேட்கிற கேள்வி என்று சதீஸ்குமார் பொறுமையாகப் பதில் சொன்னார். மழை பெய்தால் மறுநாள் ஆடுவார்கள். அவ்வளவுதான்.

"லயத்துல சாவு விழுந்தாத்தான் தள்ளிப் போகும்" என்றார் ஷுக்ரி நானா விளையாட்டாக. "பதினாறு முடியாம நீங்க பந்தத் தொடமாட்டீங்களே."

அது எங்கள் பக்கத்து வழக்கம், ஐயா. லயத்தில் ஒருவர் இறந்தால் கருமாதி முடியும்வரை மேளம் இல்லை, பாட்டு இல்லை, விளையாட்டு இல்லை. எதிரணிக்காரர்களும் அதை மதித்து, தாங்களே வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

"இருக்கிறதுல பழைய டிக்கெட்டு நான்தான்" என்று மாமா ஜன்னலில் தலையை நீட்டினார். "ஞாயித்துக்கெழம பைனல் பாக்காம நான் போகமாட்டேன், பயப்படாதீங்கடா."

மறுபடியும் சிரிப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியாயி அத்தையும் சிரித்தார். நான் உள்ளே போய் அடுப்பை ஊதினேன். அப்போது என் மனதில் ஒன்றுமில்லை. இதை உறுதியாகச் சொல்கிறேன். கேத்தல் கொதித்தது, தேத்தண்ணீர் ஊற்றினேன், எல்லாருக்கும் கொடுத்தேன்.

வியாழக்கிழமை பகல். கொழுந்துக்குப் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. என் கணவர் கம்பை ஊன்றிக்கொண்டு கடைப்பக்கம் போயிருந்தார். மாமா நல்ல உற்சாகத்தில் இருந்தார். சுவர் வழியாகப் பெரியாயி அத்தையோடு அதே வாக்குவாதம். "முதல் ஓவர் அஜந்தனுக்குத்தான்! கிரிஷாந்தன் கையால பந்த வாங்கி அவன் போடணும், நான் பாக்கணும்!" என்று கத்தினார். கத்தியதில் இருமல் வந்தது. இருமலோடு இழுப்பும் வந்தது.

நான் உடனே பம்பை எடுத்தேன். கொடுக்கத்தான் எடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து அவர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலக் குலுக்கினேன்.

குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் வாயைத் திறந்து காத்திருந்தார். முதலில் அவருக்குப் பயமே இல்லை, ஐயா. மருந்து அடியில் தங்கியிருக்கும், மருமகள் நன்றாகக் குலுக்குகிறாள் என்றுதான் நினைத்தார். இன்னொருவர் வேலையில் அவசரப்படுத்துகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. என் முகத்தைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினார், போதும் என்கிற மாதிரி. நான் குலுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. மைதானத்தின் ஓரத்தில் என் கணவர் கம்போடு நிற்பதும், வேறொருவன் ஓடி வருவதும், பதுளைக்காரர் அவனைப் பார்ப்பதும் கண்ணில் தெரிந்தன. மாமாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அதில் பலம் இல்லை. மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தனியாக இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. பிறகு அவர் கண்ணில் ஒன்று மாறியது. அதைப் பற்றி நான் சொல்ல விரும்பவில்லை.

எல்லாம் அடங்கிய பிறகு பம்பை அவர் வாயில் வைத்து அமுக்கினேன். இரண்டு தரம். அதனால் நான் மருந்து கொடுக்கவே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் வெளியே ஓடிக் கத்தினேன். அந்தக் கத்தல் பொய்யில்லை. 

சாவு வீடு என்பது உங்கள் விசாரணையைவிடப் பொல்லாதது. வருகிற ஒவ்வொரு பெண்ணும் கட்டிப்பிடித்து அழுதபடியே, "எப்பிடிடி நடந்திச்சு? கடைசியா என்னடி சொன்னாரு?" என்று கேட்பாள். ஒவ்வொருத்திக்கும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டும். நான் சொன்னேன். இருமல் வந்தது, இழுப்பு வந்தது, பம்ப் கொடுத்தேன், நிற்கவில்லை. ஒரு சொல் மாறாமல் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்தப் பக்கம் பெரியாயி அத்தை மூக்கைச் சிந்துவதுகூட எனக்குக் கேட்டது. அது எனக்குக் கேட்குமென்றால், வியாழக்கிழமை அவருக்கு என்னென்ன கேட்டிருக்கும்?  அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஒரு நினைப்பு என்னை விட்டதில்லை.

ஆண்கள் வெளியே நின்று மேட்சைத் தள்ளிப்போட முடிவு செய்தார்கள். கொஸ்லந்த அணிக்காரர்கள் வந்து மாலை போட்டார்கள். பதுளைக்காரரும் சம்மதித்துவிட்டார் என்று சதீஸ்குமார் சொன்னார். நான் நினைத்தபடி எல்லாம் நடந்தது. அப்போதுதான் பெரியாயி அத்தை, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, வாசலுக்கு வந்தார். என் கணவரின் தலையைத் தடவிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"கடைசியா அவரு பேசினது எங்கூடத்தான் தம்பி. ஒங்கையால அஜந்தனுக்குப் பந்தக் குடுக்கணும், அவன் முதல் ஓவர் போடணும்னாரு. அதுக்கப்புறம் ஒரு வார்த்த இல்ல."

என் கணவர் என்னைப் பார்த்தார். "அப்பிடியா சொன்னாரு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் பெரியாயி அத்தை விடமாட்டார். என் காதில் விழுந்ததே என்பார். வேறென்ன விழுந்தது என்று யாராவது கேட்பார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உயிரோடு இருந்தவரை அது கிழவனாரின் வீம்பு. எல்லாரும் சிரித்துவிட்டுப் போகலாம். செத்த பிறகு அது அவருடைய கடைசி ஆசை. அதை மீற எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை, பெற்ற மகன் நிச்சயமாக இல்லை. சாவு விழுந்தால் விளையாட்டு நிற்கும் என்கிற வழக்கத்தை நினைத்த நான், செத்தவர் சொல் நிற்கும் என்கிற வழக்கத்தை மறந்துவிட்டேன்.

அந்தப் பதினாறு நாளும் பெரியாயி அத்தைக்கு நான்தான் கஞ்சி கொண்டுபோனேன். அவர் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பேன். வெறும் கஞ்சிதான். ஒருநாள், "என்னடி, என்னமோ போட மறந்துட்ட போல" என்றார். உப்பைச் சொன்னார்.  ஆனால் அந்த நிமிடம் நான் நினைத்துக்கொண்டிருந்தது உப்பை அல்ல. ஓடி வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து வேறொருத்தியிடம் கொடுத்தனுப்பினேன். அவ்வளவு தூரம் போகிறவள் இல்லை நான்.

பைனல் நடந்தது. என் கணவரின் கால் முழுசாகக் குணமாகியிருந்தது. அதைச் செய்து கொடுத்தவள் நான். மொட்டைத் தலையோடு அவர் மைதானத்துக்குள் போனபோது ஊரே எழுந்து நின்றது. சதீஸ்குமார் புதுப் பந்தை அவரிடம் நீட்டினார். கடைசி நேரத்தில் மனம் மாறுவார் என்று நான் நம்பினேன். அவர் பந்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்துபோய் அஜந்தன் கையில் வைத்தார். "அப்பா சொல்லிட்டுப் போனது" என்றார். பெண்களெல்லாம் அழுதார்கள். ஷுக்ரி நானா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பையன் நன்றாகத்தான் போட்டான். முதல் ஓவரிலேயே இரண்டு பேரை அனுப்பினான். பதுளைக்காரர் போனை எடுத்து அவனைப் படம் பிடித்தார். என் கணவர் பிற்பாடு வந்து போட்டதை யாரும் படம் பிடிக்கவில்லை. வெற்றிக் கிண்ணத்தோடு வந்தபோது அவர் முகத்தில் ஒரு குறையும் இல்லை. "அப்பா கண்ணு தப்பாது ஜெயந்தி" என்றார். நான் சிரித்தேன்.

கிண்ணத்தைப் பார்க்கப் பெரியாயி அத்தை வந்தார். என்னைப் புகழத்தான் வந்தார், பாவம்.

"இவள மாதிரி மருமக எவனுக்குக் கெடைப்பா? அன்னைக்கி அந்தப் பம்ப எப்பிடிக் குலுக்கினா தெரியுமா தம்பி. குலுக்கு குலுக்குன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்திச்சு. கை ஓயவே இல்ல."

"எவ்வளவு நேரம் அத்தை?" என்று கேட்டார் என் கணவர். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எனக்கென்ன மணியா பாக்கத் தெரியும். நான் தண்ணி கொதிக்க வெச்சி, தேத்தண்ணி ஊத்திக் குடிச்சி முடிக்கிற வரைக்கும் கேட்டிச்சு."

அத்தை போன பிறகு என் கணவர் ஜன்னலில் இருந்த பம்பை எடுத்தார். என் முன்னால் நின்று குலுக்கினார். நாலைந்து தரம். நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி குலுக்கவில்லை. அதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனார். எனக்கு முதுகைக் காட்டாமல் போனார், ஐயா. அந்த ஒன்றை என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது என் கணவர் சதீஸ்குமார் வீட்டில் இருக்கிறார். சோறு கொண்டுபோனேன். வாங்கவில்லை. "அவன் பயப்படுறான் ஜெயந்தி, போயிரு" என்றார் சதீஸ்குமார். அவரும் கொஞ்சம் தள்ளியே நின்றார். அங்கிருந்து நேராக பஸ் ஏறி இங்கே வந்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை.

மாமாவை நான்தான் கொன்றேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் கணவரைக் கூப்பிட்டு விசாரிக்கும்போது, ஒரு வரி விடாமல் முழுவதையும் படித்துக் காட்டுங்கள். பாதியை மட்டும் தெரிந்துகொண்டதால்தான் பயப்படுகிறார். எனக்கென்று எதுவும் கேட்காமல், எல்லாம் அவருக்காகத்தான் செய்தேன் என்று தெரிந்தால் பயம் தெளிந்துவிடும். பாசமானவர், தாமதமானாலும் புரிந்துகொள்வார். அடுத்த சீசனுக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார் பாருங்கள்.